வியாழக்கிழமை எலுமிச்சம்பழம்

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஊருக்கு வருகிற தம்பியை அழைத்துப் போக, கூடப்பிறந்த அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. எங்கள் சங்கரன்கோவில் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில். அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் சங்கரன்கோவில்காரர். பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, ஜவுளிக்கடையில் துணி மடித்துக் கொடுத்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் பள்ளி விடுமுறை. கிளம்பிவிட்டோம்.

மதுரையிலிருந்து ஏறிய பாசஞ்சர் வண்டி போனதை விட நின்றதுதான் அதிகம். எதிர் பெஞ்சில் கொல்லத்துக்குப் போகிற ஒரு மலையாளத் தம்பதி. எங்கள் பக்கத்து வீட்டில் மலையாளிகள் இருந்ததால் அவர்கள் பேச்சு எனக்கு ஓரளவு புரியும். “வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா?” என்று மனைவி கேட்டாள். “வெளியே அந்த ஆட்டைப் பார். அது நம்மை முந்தினால் நிற்கிறது என்று அர்த்தம்” என்றார் கணவர். ஆடு முந்தியது. நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் முறுக்கு எடுத்து நீட்டினாள்.

சங்கரன்கோவிலில் இறங்கும்போது சாயங்காலம். இவருடைய அண்ணனை நான் அத்தான் என்பேன். அத்தானின் தறிக்கூடத்தில் வேலை செய்கிற ஒருவர் குதிரை வண்டியோடு நின்றிருந்தார்.

“மொதலாளி வரல்லியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஊர் மண்ணை மிதித்ததும் இவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

“அவுக புளியங்குடி போயிருக்காவ. எலுமிச்சம்பழம் வாங்க.”

இவர் முகம் சுருங்கிப்போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ரகசியம் பேச மலாய் மொழியைத்தான் வைத்திருக்கிறோம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மலாயில் சொன்னார்: “எலுமிச்சம்பழம்! நான் கடல் தாண்டி வருகிறேன், அண்ணனுக்கு இன்றைக்குத்தான் எலுமிச்சம்பழம் வாங்கத் தோன்றியிருக்கிறது.” போதாததற்குக் குதிரையும் வழியெல்லாம் நின்று நின்று யோசித்தது.

வீட்டில் என் ஓரகத்தி பார்வதி அக்கா ஆரத்தி எடுத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே தொண்டையை உயர்த்த வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் கவனித்த முதல் விஷயம், வீடு முழுக்க எலுமிச்சம்பழம். அடுப்படி மூலையில் கூடை நிறைய. கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் பரப்பி. ஊறுகாய் ஜாடிகள் சுவரோரம் வரிசையாக. எங்களுக்குக் குடிக்க உப்புப் போட்ட எலுமிச்சம்பழ ஜூஸ் வந்தது. ராத்திரிக்கு எலுமிச்சம்பழச் சோறு, தொட்டுக்கொள்ள அதே பழத்தில் ஊறுகாய்.

சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் ஆள். பார்வதி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டாரு! கூடப்பொறந்தவரு சீமையிலேருந்து வந்து உக்காந்திருக்காரு, இவரு புளியங்குடியிலேருந்து எலுமிச்சம்பழத்தத் தூக்கிட்டு வாராரு! வியாழக்கிழமையானா இதே சோலி! இம்புட்டுப் பழத்தையும் நான் எந்தத் தலையில தேய்க்க?”

தறிச் சத்தத்தையும் மீறி அது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். உள்ளே வந்த அத்தான் முதலில் பார்த்தது எங்கள் பெட்டிகளை. பிறகுதான் தம்பியைப் பார்த்தார். கண் கலங்கி, தோளைத் தட்டி, “எளைச்சுப் போயிட்டியேலே” என்றார். என்ன வாங்கி வந்திருக்கிறோம் என்றுதான் முதலில் பார்க்கிறார் போல என்று நான் மனசுக்குள் அவருக்கு மார்க்கைக் குறைத்தேன்.

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்தவர். கடை மூழ்குகிற அளவுக்குக் குடித்தார். போன தீபாவளிக்கு முன்னால் விட்டார். தானாக விடவில்லை, எங்கள் ஊரில் குடியை விட்டவர்கள் வாரம் ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட அறையில் கூடிப் பேசுவார்கள், அங்கே போய்த்தான் விட்டார். ஒரு வாரம்கூடத் தவறாமல் போனார். அந்தக் கூட்டத்தை நடத்துகிற சீனப் பெரியவர், நாங்கள் கிளம்பும்போது, “எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் கூட்டத்தைத் தேடு, பிறகு படுக்கையைத் தேடு” என்றார். மெட்ராஸில் யாரையோ விசாரித்து, சங்கரன்கோவில் பக்கம் வியாழக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறதாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். எங்கே, யார் வீட்டில் என்பது அவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் வந்து இறங்கியதே வியாழக்கிழமை சாயங்காலம். அந்த வாரக் கூட்டம் போயே போச்சு. இன்னும் ஒரு வாரம் தள்ள வேண்டும். இவரோ அண்ணனுக்கு விஷயம் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “அவர் வெற்றிலைகூடப் போடாத மனுஷன். என்னைப் படிக்க வைத்து, கப்பலுக்கு அனுப்பியவர். தெரிந்தால் நான் செத்தேன்” என்பார். ஆகவே தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தோம். கோடாலித் தைலம், கைலி, பிஸ்கட் டின், சோப்பு, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு கைக்கடிகாரம். இவருடைய சித்தப்பா மகன் மாடசாமி என்று ஒருவர் பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

“ஏலே நாயகம், முக்கியமான சாமானத்தக் காணோமே? ஃபாரின்லேருந்து வாறவன் ஒரு பாட்டில்கூடவா கொண்டாரல்ல?”

“இல்லண்ணே, விமானத்துல விடமாட்டேன்னுட்டாங்க” என்று இவர் புளுகினார்.

“சரி விடு. கல்யாணத்துக்கு மொத நா இங்கன உள்ளதையே ஒரு கை பாத்துருவோம். நீதான் செலவு.”

வாசல்படியில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். விறுவிறுவென்று தறிக்கூடத்துப் பக்கம் போய்விட்டார். கோபமாகப் போகிறார் என்று இவருக்குப் பயம். எனக்கும்தான்.

அன்றைக்கே மாப்பிள்ளையின் அப்பா ஏதோ பேச வந்தார். அத்தான் எழுந்து போய், ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்துக் கும்பிட்டார். மரியாதைக்குரியவர்களைப் பார்க்கும்போது எலுமிச்சம்பழம் கொடுப்பது எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் அமைச்சர் வந்தால்தான் கொடுப்போம். இங்கே சம்பந்திக்கு, வயதில் மூத்தவருக்கு, கோயில் பெரியவருக்கு. எப்போதும் கீழே இருந்து மேலேதான் பழம் போகும். இந்த வீட்டில் இத்தனை பழம் எதற்கு என்று அப்போது எனக்கு ஒரு மாதிரி சமாதானம் ஆயிற்று.

சனிக்கிழமை என் தேடலைத் தொடங்கினேன். தலைவலி என்று சொல்லி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், கம்பவுண்டரிடம் மெதுவாக விசாரித்தேன். “குடியை விட்டவங்க ஒண்ணாக் கூடிப் பேசுவாங்களாமே, இங்க எங்க நடக்குது?”

கம்பவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விட்டவன் என்னத்துக்கும்மா கூடணும்? கூடுனா திரும்பிக் குடிச்சிருவானுவல்லா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “பொடி ஒண்ணு இருக்கு. அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்துருங்க. நாலு நாளு வாந்தி எடுப்பாரு. பொறவு அந்தப் பக்கமே போவமாட்டாரு” என்றார். குடியை விட்டுப் பல மாதமாகிற மனுஷனைக் கல்யாண வீட்டில் வாந்தி எடுக்க வைக்க எனக்கு மனசில்லை. தலைவலி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் நிஜமாகவே தலை வலித்தது.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் பத்திரிகை வைக்கிற வேலையில் போயிற்று. போன வீட்டிலெல்லாம் கருப்பட்டிக் காப்பி. எங்கள் ஊர்க் காப்பி தண்ணீரில் கறுப்புச் சாயம் கலந்த மாதிரி இருக்கும். இது பாகு மாதிரி இறங்கியது. எனக்குப் பிடித்துப்போயிற்று. இவர் மட்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

இவருக்கு உள்ளே தடுமாறத் தொடங்கினால் பேச்சு குறையும், நடை கூடும். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வருகிறேன் என்று தினமும் கிளம்பினார். அரசாங்கமே ஏலம் விட்டுச் சாராயக்கடைகளை நடத்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேர்வழியில் ஒரு கடை இருந்தது. அதைத் தவிர்க்க இவர் கோயிலைச் சுற்றிக்கொண்டு போவார். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மனைக் கும்பிட்டு, புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டு, வெளியே வந்து பூக்காரம்மாவிடம் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியவில்லை, அந்த அம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்தாள். “வெளியூரா? அதான் இப்பிடிச் சத்தமாக் கேக்கீக. அது புளியங்குடியிலல்லா நடக்கு. வியாழக்கிழம சாயந்தரம். எங்க வீட்டு ஆளும் அங்கனதான் போறாரு.”

“இந்த ஊர்லயே வைக்கலாமே?”

“இங்கன வச்சா நாலு பேரு பாத்துருவாகளாம். குடிச்சிட்டுத் தெருவுல உருண்டு கெடந்தப்ப வராத வெக்கம், விட்ட பொறவு வந்துட்டு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. ஒரு முழம் கூடவே வாங்கினேன்.

இவரிடம் மலாயில் சொன்னபோது முகத்தில் வெளிச்சம் வந்து, உடனே அணைந்துபோயிற்று. “அண்ணனும் வியாழக்கிழமை புளியங்குடிக்குத்தானே போகிறார்? எலுமிச்சம்பழ மண்டிப் பக்கம் நம்மைப் பார்த்துவிட்டால்?” எனக்கும் அதே கவலை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே காலத்தை ஓட்டுகிற எனக்கு இந்தச் சின்னக் கூட்டல் மட்டும் வரவில்லை பாருங்கள்.

புதன்கிழமை இவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்குக் கோயில் பக்கம் திரும்பவில்லை. நேர்வழியில் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்தேன், வெட்கமில்லாமல். வெறும் பீடி வாசம். “நின்று பார்த்தேன், ராஜம். உள்ளே போகவில்லை. ஆனால் நின்றேன்” என்றார். நாளை வியாழக்கிழமை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அத்தான் பையை எடுத்தார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, தாம்பூலத்துக்கு ஒரு மூட்டை பழம் வேண்டும், மண்டிக்காரர்களே அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து, வாசுதேவநல்லூர் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். அதற்கும் புளியங்குடி வழியாகத்தானே போக வேண்டும்.

பஸ்ஸில் எங்கள் சீட்டில் ஒரு ஆட்டுக்குட்டியும் இடம் பிடித்திருந்தது. பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் பனைமர நிழலில் நின்றோம். மலேசியாவில் இப்படி நின்றால் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொள்வார்கள். இங்கே கண்டக்டர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி உப்பு மிளகாய் தூவி எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு நேரம் போகிறதே என்று உயிர் போயிற்று.

புளியங்குடியில் இறங்கினால் ஊரே மணத்தது. மண்டி மண்டியாக மஞ்சள் குவியல், சாக்கு தைக்கிறவர்கள், ஏலம் கேட்கிற சத்தம். அத்தான் கண்ணில் படாமல் சுவரோரமாகவே போய், ஒரு டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். இந்தத் தடவை மெதுவாக.

“அந்தக் கூட்டமா? இங்கன இல்லியே!” என்றார் அவர். “அது சங்கரன்கோவில்லல்லா நடக்கு. எங்க ஊர் ஆளுக நாலஞ்சு பேரு வியாழக்கிழமதோறும் பஸ் ஏறிப் போறாகளே. இப்பக்கூடப் போனாக.”

எனக்கு வந்த கோபத்தில் பூக்காரம்மாவை அங்கேயே நின்று திட்டினேன். சீனப் பெரியவரையும் சேர்த்துத் திட்டினேன். இவர் திட்டவில்லை. டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கீற்றுக்கொட்டகை. வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அது என்ன கடை என்று பெயர்ப்பலகை இல்லாமலே தெரிந்தது.

“போதும் ராஜம். நான் தேடாமல் இல்லை. கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.” மலாயில் கூடச் சொல்லவில்லை, தமிழிலேயே சொன்னார். எழுந்து நின்றார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்தேன். நடுத்தெருவில், ஐம்பது பேர் பார்க்க, ஒரு ஆசிரியை தன் புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பக்கத்து மண்டியிலிருந்து பையோடு வெளியே வந்தார் அத்தான்.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். இவர் என் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால், அத்தானும் பதறினார். திருடும்போது பிடிபட்ட ஆள் மாதிரி பையைப் பின்னால் மறைத்தார்.

“எலுமிச்சம்பழம் வாங்க வந்தேன்” என்றார் அத்தான்.

“நானும் எலுமிச்சம்பழம்தான்ணே” என்றார் இவர்.

“ஒன் மதினி அனுப்புனாளா? என்னப் பாத்துட்டு வரச்சொல்லி?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. சத்தியமாவது ஒன்றாவது. “அத்தான், நாங்க பழம் வாங்க வரலை. குடியை விட்டவங்க கூட்டம் எங்க நடக்குதுன்னு தேடி வந்தோம். உங்க தம்பிக்கு. இன்னைக்கு அது கிடைக்கலைன்னா இவர் எதிர்க் கடைக்குப் போயிருவார். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா வழியை விடுங்க.”

அத்தான் பையைக் கீழே வைத்தார். தம்பியையே பார்த்தார். “மண்டிக்குப் பின்னால” என்றார். “வாலே. நேரமாச்சு.”

மண்டிக்குப் பின்னால் சாக்கு அடுக்கி வைக்கிற ஒரு நீளமான அறை. பத்துப் பன்னிரண்டு ஆட்கள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிஸ்கட் தட்டு வைத்திருப்பார்கள். இங்கே ஒரு பானையில் உப்புப் போட்ட எலுமிச்சம்பழ ஜூஸ். யாரும் பெயர் கேட்கக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் ஒரே ஊர் என்பதால் ஒருவர் தாத்தா பெயர் மற்றவருக்குத் தெரியும், ஆனாலும் சட்டம் சட்டம்தான். நான் வாசலில் நின்றேன். “நீங்களும் உள்ள வாங்க தாயி” என்று மண்டிக்காரர் ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

புதிதாக ஒருவர் வந்தால் அங்கே ஒரு வழக்கம். முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துக் கும்பிடுவார்கள். வேறெங்கும் பெரிய மனுஷனுக்குக் கொடுக்கிற மரியாதை, அங்கே இன்றைக்கு வந்தவனுக்கு. மண்டிக்காரர் பழத்தை எடுத்து அத்தானிடம் நீட்டினார்.

“இன்னைக்கி நீங்களே குடுங்க அண்ணாச்சி.”

அத்தான் எழுந்தார். இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்து, தன்னைவிடப் பத்து வயது இளைய தம்பியின் முன்னால் குனிந்து நின்றார். இவர் பதறிப்போய், “அண்ணே, நீங்க எனக்குக் குடுக்கதா?” என்று பின்னால் நகர்ந்தார். “வாங்கிக்கலே. இங்கன அண்ணன் தம்பியெல்லாம் கெடையாது” என்றார் அத்தான். இவர் வாங்கிக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு அத்தான் பேசினார். தறியில் இரவுச் சத்தத்துக்குப் பழகக் குடிக்கத் தொடங்கியது, விட்டு நாலு வருஷம் ஆனது எல்லாம் சொன்னார். கடைசியில், “போன வாரம் தம்பிய அழைக்க ஸ்டேஷனுக்குப் போவல்ல. போவப் பயமா இருந்துச்சு. சீமையிலேருந்து வாறவன், பெட்டியில பாட்டில் இருக்கும். ‘எண்ணே, ஒரு வாய்’ன்னு தம்பி நீட்டுனா நான் மாட்டேன்னு சொல்லுவேனான்னு எனக்கே தெரியல்ல. அவனப் பாக்கதுக்கு முந்தி இங்கன வந்து ஒருக்கா உக்காந்துட்டுப் போவோம்னு வந்தேன்” என்றார். அவர் எங்கள் பெட்டியைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறைத்த மார்க்கையெல்லாம் திருப்பிப் போட்டேன்.

இவர் முறை வந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் பாதி ஆங்கிலம், பாதி மலாயில்தான் பேசுவார். “நான் குடிகாரன்” என்று தமிழில் இவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். நேர்வழியில் போய்க் கடை முன்னால் நின்றதையும் சொன்னார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும், “அந்தக் கடையா? எனக்கும் அதான்” என்றார். அறையே சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள். டீக்கடைக்காரர் சொன்னதைப் பற்றி அத்தானிடம் கேட்டேன். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

“அவரு சொன்னது பொய்யில்ல தாயி. சங்கரன்கோவில்லயும் ஒண்ணு நடக்கு. அது புளியங்குடிக்காரங்களுக்கு. அவுகளுக்கு அவுக ஊர்ல வெக்கம், எங்களுக்கு எங்க ஊர்ல வெக்கம். அதனால நாங்க இங்கன, அவுக அங்கன. போறப்பவும் வாறப்பவும் நடுவழியில ரெண்டு பஸ்ஸும் ஒதுங்கும்லா? அப்ப எல்லாரும் குனிஞ்சு செருப்பத் தேடுவோம்.”

சொல்லி வாய் மூடவில்லை, எதிரே வெளிச்சம் தெரிந்தது. ரோடு குறுகல், இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று உரசாமல் மெல்ல ஒதுங்கின. எங்கள் பஸ்ஸில் ஏழெட்டுத் தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. எதிர் பஸ்ஸில் நாலைந்து தலைகள் குனிந்தன. இவரும் குனிந்தார். “உங்களை யாருக்குத் தெரியும் இங்கே?” என்று கேட்டேன். “எல்லோரும் தேடுகிறார்களே” என்றார் மலாயில். அந்தப் பயணத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் பார்வதி அக்கா தயாராக நின்றிருந்தார். அண்ணன் கையில் ஒரு பை, தம்பி கையில் ஒரு பை.

“ஏ, ரெண்டு பையா! ஒருத்தரு பத்தாதுன்னு தம்பியையும் சேத்துக்கிட்டாரா! புளியங்குடி மண்டியவே என் தலையில கொட்டிருங்க!”

தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் குரல் லேசாக நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுப்படிக்குள் போனதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியாமயா ஏட்டி இம்புட்டுச் சத்தம் போடுதேன்? வியாழக்கிழம இந்த மனுசன் எங்க போறாருன்னு தெருவுல நாலு பேரு கேப்பாவல்லா? எலுமிச்சம்பழம் வாங்கப் போனாருன்னு நானே ஊருக்குச் சொல்லிப் போடுதேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாண்டாம்.” அதுவரை என்னைத் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டவர், முதல் தடவையாக உரிமையோடு ஏட்டி என்றார். அருவாமணையை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஊறுகாய்க்கு நறுக்கினோம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. முதல் நாள் சாயங்காலம் மாடசாமி, “நாயகம், கெளம்புவோமா?” என்று வந்து நின்றபோது, அண்ணனும் தம்பியும் ஒரே குரலில், “பந்திக்கு எல போடணும், வே” என்றார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு. அந்த மணம் வந்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம். கடைசியில் அதிலும் எலுமிச்சம்பழத்தைத்தான் பிழிந்தார்கள்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பிய நாள் மறுபடி ஒரு வியாழக்கிழமை. மத்தியான வண்டி. ஸ்டேஷனுக்குப் பார்வதி அக்கா மட்டும், வாய்க்குத் துணி கட்டிய ஊறுகாய் ஜாடியோடு வந்தார். வண்டி ஊதிய பிறகு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இவரிடம் சொன்னார்:

“ஒங்க அண்ணாச்சி வழியனுப்ப வரல்லன்னு மனசுல வச்சுக்கிடாதீக. இன்னைக்கிக் கொஞ்சம் வெள்ளனவே புளியங்குடிக்குப் போயிட்டாவ. பழம் வாங்க.”

இவர் ஜாடியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு சிரித்தார்.

“வந்திருந்தாத்தான் மதினி எனக்குப் பயமா இருந்திருக்கும்.”